கோல் கீப்பருக்குக் கண்ணீர் அஞ்சலி

சன்னலோரம் நீங்களே உக்காருங்கண்ணே. எனக்கு அங்க உக்காந்தா இந்தக் கை கம்பியில இடிக்கும். வத்தலக்குண்டு தாண்டிட்டா வளைவு வளைவா வரும். ஒவ்வொரு வளைவுக்கும் உசுரு போயிட்டு வருது.

கையா? வெட்டுண்ணே. பத்துப் பேரு வந்தாய்ங்க. பட்டப்பகல்ல கடைக்குள்ள பூந்து போட்டுட்டாய்ங்க. பத்துப் பேருன்னா சும்மா நோஞ்சான் பயலுக இல்ல, மலையில எஸ்டேட் வேல பாத்து முறுக்கேறுன ஆளுக. நானும் விடலைல்ல. நாலு பேர மிதிச்சுட்டுத்தேன் விழுந்தேன். அத விடுங்க. நீங்க எங்க எறங்கணும்? புலியூத்தா? அட, நானும் அங்கதேன். அங்க பாக்கியநாதன்னு ஒரு பய, திண்டுக்கல்லு காலேஜ்ல படிக்கிறவன், தெரியுமா? என்னண்ணே, தெரியும்னும் தலைய ஆட்டுறீங்க, தெரியாதுன்னும் ஆட்டுறீங்க. சரி, எறங்கி விசாரிச்சுக்கிறேன். அவனக் கையோட கூட்டிட்டுப் போகத்தேன் வந்திருக்கேன். ஞாயித்துக்கெழம மேட்ச்சு. அவன் கோலுக்குள்ள நின்னாத்தேன் எங்களுக்குப் பொழப்பு.

என் பேரு இன்னாசி. காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்புல ஃப்ளெக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சி, சாவு, எதுன்னாலும் நம்மட்டதேன். நானும் அந்தக் காலேஜ்தேன் படிச்சேன். ஃபுட்பால் டீம்ல இருந்தேன். வெளையாண்டியான்னு மட்டும் கேக்காதீங்க. டீம்ல இருந்தேன், அம்புட்டுதேன்.

ஆவணி பொறந்தா லீக்கு ஆரம்பிக்கும்ணே. பத்து மேட்ச்சு. வருசா வருசம் எங்க டீமு எறங்கும், கார்த்திக வரதுக்குள்ள மானத்த வித்துட்டு வீட்டுக்கு வரும். நாங்க ஒரு இருபது பேரு, பழைய மாணவருங்க, கறிக்கடை பஞ்சுதேன் தலைவரு, நாந்தேன் செயலாளரு. ஒரு மேட்ச்சு விட்டதில்ல. பொண்டாட்டி பிரசவத்துக்குக் கூட நான் ஆஃப் டைம்லதேன் போனேன். புள்ள பொறந்துருச்சான்னு கேட்டுட்டு செகண்ட் ஆஃபுக்குத் திரும்பிட்டேன்.

இந்த வருசம் இந்தப் பய வந்தான். பாக்கியநாதன். காப்பித் தோட்டத்துப் பய. ஃபுட்பாலுக்குன்னே சீட்டும் ஹாஸ்டலும் குடுத்து எடுத்தாய்ங்க. ஆளு உசரம், கை ரெண்டும் சுளகு மாதிரி அகலம். பேச்சு வராது. என்ன கேட்டாலும் 'சரிண்ணே'ம்பான். மொத மேட்ச்சு. நாங்க நாலு கோல் போட்டோம், அவிய்ங்க ஒண்ணு கூடப் போடல. கடைசியில ஒரு பெனால்ட்டிய அவன் பாஞ்சு அமுக்குனான் பாருங்க, பஞ்சு எம்மேல ஏறி உக்காந்து மண்டையில அடிக்கிறான், 'கப்பு நமக்குடா, கப்பு நமக்குடா'ன்னு. நான் அழுதேண்ணே. வெக்கமில்லாமச் சொல்றேன். பெத்த தாயி செத்தப்பக் கூட அப்படி அழுகல.

அங்க பி.டி. மாஸ்டர் ஒருத்தரு இருக்காரு, சூசை சாரு. நல்ல மனுசன், ஆனா வாயில நல்ல வார்த்தையே வராது. 'எலேய் இன்னாசி, எதுத்து ஆடுனது பூராம் புதுப்பயலுக. இதுக்குப் போயிச் சலம்பாதீங்க. இன்னும் ஒம்போது மேட்ச்சு இருக்கு'ன்னாரு. கேக்குற நெலமையிலயா நாங்க இருந்தோம்?

அன்னைக்கே ஃப்ளெக்ஸ் அடிச்சேன். மூணு ஆளு உசரம். 'திண்டுக்கல்லின் இரண்டாம் மலைக்கோட்டையே! இந்தியாவே உன்னை அழைக்கிறது!' அப்படின்னு போட்டு, அவன் படத்துக்குப் பின்னாடி ஒரு சிங்கம், ஒரு மின்னலு. பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிப்பாட்டி, பாலு ஊத்தி, வெடி போட்டு, கடைசியில அவனையே தூக்கிட்டு வந்தோம். அவன் படத்துக்கு அவனே மால போடணும்னு பஞ்சுக்கு ஆச. பய வேணாம் வேணாங்குறான். விடுவமா? தோள் மேல ஏத்தி, மேல மேல தூக்கி, ஃப்ரேமப் பிடிச்சுக்கடான்னோம். ஃப்ரேமு நான் அவசரத்துல கட்டுனது. சாஞ்சிருச்சு. பய அதோட சேந்து வந்தான். கை இரும்பு ஆங்கிளுக்கு நடுவுல மாட்டி லேசாக் கிழிச்சிருச்சு.

லேசாத்தேன். ஃப்ளெக்ஸ்ல கொஞ்சம் ரத்தம் தெறிச்சுச்சு. 'சிங்கத்துக்கு ரத்தப் பொட்டுடா மாப்ள'ன்னு பஞ்சு கும்புட்டான். சூசை சாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, ஊசி போடணும், தையல் போடணும்னு கத்துறாரு. நான் டீக்கடையில ஒரு கை காப்பித்தூள வாங்கி வச்சு அமுக்கி, துண்டக் கிழிச்சுக் கட்டுனேன். எங்க ஊருல எம்புட்டுப் பெரிய வெட்டுக்கும் அதேண்ணே வைத்தியம். காப்பித் தோட்டத்துப் பயலுக்கு காப்பித்தூளு ஒத்துக்காதாக்கும்? ரத்தம் நின்னுருச்சுல்ல?

அந்த வாரம் பூராம் ஹாஸ்டலுக்கு பிரியாணி கொண்டு போனேன். எங்கையால பெசஞ்சு கூட ஊட்டுனேன், அவனால அள்ள முடியலன்னு. பாசம்ணே. வியாழக்கெழம மெல்லச் சொல்றான், 'அண்ணே, கை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, வெரல மடக்க முடியல. இந்த ஒரு மேட்ச்சுக்கு வேற ஆள நிப்பாட்டச் சொல்லவா?' எனக்கு வந்துச்சு பாருங்க. கன்னத்துல செல்லமா ஒண்ணு வச்சேன். செல்லமாத்தேன், சுவத்துல போயி இடிச்சான். 'வெளையாட்டுக்குத்தேன்டா ஒனக்குச் சோறு போடுறாய்ங்க. நிக்க மாட்டேன்னா சீட்டும் போயிரும், ஹாஸ்டலும் போயிரும், அப்பறம் அம்மா கூட காப்பிக்கொட்ட பெறக்கத்தேன் போகணும். சூசை சாருட்ட மூச்சு விட்ட, வகுந்துருவேன்'னேன். 'சரிண்ணே'ன்னான். நல்ல பய.

ரெண்டாவது மேட்ச்சு மதுரக்காரய்ங்களோட. அஞ்சு கோலுண்ணே! அஞ்சு! மொத பந்து நேரா அவன் கையிலதேன் வந்துச்சு. எங்க வீட்டுச் சின்னப்பய பிடிப்பான் அத. இவன் எடது கையில பட்டு நழுவி உள்ள போகுது. ரெண்டாவதும் அதே எடது கை. மூணாவதுக்கு கையவே நீட்டல. கைய நெஞ்சோட வச்சுக்கிட்டு வெறும் ஒடம்பக் குடுத்துத் தடுக்குறான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. வெலைக்குப் போயிட்டான். மதுரக்காரய்ங்க ஆள வச்சு முடிச்சுட்டாய்ங்க.

அப்பறம் நடந்தது ஊருக்கே தெரியும். அஞ்சாவது கோலு விழுந்ததும் பஞ்சு மூலையில நட்டு வச்ச கொடிக்கம்பப் பிடுங்கிட்டு உள்ள எறங்கிட்டான். ரெஃப்ரி ஓடுறான், பஞ்சு விரட்டுறான். மதுரப் பய ஒருத்தன் குறுக்க வந்தான், கம்பு அவன் வாயில விழுந்துச்சு. பல்லு புல்லுக்குள்ள கெடந்து மினுங்குது. நாங்க நாக்காலிய எடுத்து வீசுனோம், அவிய்ங்க கல்ல எடுத்தாய்ங்க. அவிய்ங்க வந்த வேன்ல ஒரு கண்ணாடி மிச்சமில்ல. உள்ள உக்காந்திருந்த பய ஒருத்தன் மூஞ்சி பூராம் சில்லு குத்தி, கண்ணத் தொறக்க முடியாமக் கைய வீசிக்கிட்டிருந்தான். சூசை சாரு நடுவுல நின்னு கைய விரிச்சாரு, யாரு எறிஞ்ச கல்லோ, புருவத்துல விழுந்துச்சு. ரத்தம் கண்ணுக்குள்ள வடியுது, அப்பயும் மனுசன், 'டேய், ரெண்டு மேட்ச்சுதேன்டா முடிஞ்சிருக்கு! இன்னும் எட்டு இருக்குடா!'ன்னு அலறுறாரு. ரெண்டு மேட்ச்சுல தெரியாதாண்ணே ஒரு வருசத்தோட லட்சணம்?

நான் நேரா டிரெஸ் மாத்துற ரூமுக்குப் போனேன். பய மூலையில உக்காந்திருக்கான். முடியப் பிடிச்சுத் தூக்கி வயித்துல ஏத்துனேன் ஒண்ணு. 'யாருடா பேசுனது, எம்புட்டுடா குடுத்தாய்ங்க'ன்னு கேட்டு கேட்டு அடிச்சேன். எங்க மானத்த வாங்கிட்டு ஒனக்கு க்ளவுஸ் ஒரு கேடான்னு எடது கை உறைய உருவுனேன். வரல. உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு. விட்டேனா, பலமா இழுத்தேன். பய போட்ட சத்தம் வெளிய கலாட்டாவத் தாண்டிக் கேட்டுச்சாம். ஒரே நாத்தம்ணே. கை கறுப்பும் பச்சையுமா வீங்கி, மணிக்கட்டுக்கு மேல செவப்பா ஒரு கோடு ஓடுது. அப்பயும் பாருங்க, இந்தப் பய நல்லா நடிக்கிறாண்டான்னுதேன் எனக்குப் பட்டுச்சு. அடிச்ச அடியில கீழ விழுந்தான். நானா வேணும்னு மிதிக்கல. கை அங்க கெடந்துச்சு.

இதுவரைக்கும் சரி. எல்லா மைதானத்துலயும் நடக்குறதுதேன். போஸ்டருலதேன் வந்துச்சு வம்பு.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குண்ணே. எவன ஜெயிக்கிறமோ அந்த டீமுக்கு மறுநா காலையில கண்ணீர் அஞ்சலி போஸ்டரு ஒட்டுவோம். தோற்றம், மறைவு, குத்துவிளக்கு, இவண் கண்ணீருடன்னு எங்க பேரு. ஒரு ரவுசுக்கு. அவிய்ங்களும் எங்களுக்கு ஒட்டுவாய்ங்க. யாரும் கோவிச்சுக்கிறதில்ல. இந்தத் தடவ ஜெயிக்கல, அப்ப யாருக்கு அடிக்கிறது? பஞ்சுதேன் சொன்னான், 'எவன் நம்மளக் கொன்னானோ அவனுக்கே அடிடா'ன்னு. ஃப்ளெக்ஸ்ல இருந்த அதே படம். சிங்கத்த எடுத்துட்டு மல்லிகப்பூ மால, மின்னல எடுத்துட்டு மெழுகுவர்த்தி. 'புலியூத்து செல்வன் பாக்கியநாதன் அவர்கள் நேற்று அகால மரணமடைந்தார்.' வேலையில நான் கொற வைக்க மாட்டேன். ஊரு பேரு கூட விடல. பஸ் ஸ்டாண்டு பூராம் ஒட்டுனோம்.

அவங்கம்மா செவ்வாக்கெழம வந்து எறங்குது. மரியபுஷ்பம். மகனுக்குக் கையில அடின்னு யாரோ போன்ல சொன்னதக் கேட்டு, தோட்டத்துல இருந்து அப்படியே வந்திருக்கு. பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே சுவத்துல மகன். மால போட்ட படம். அதுக்குப் படிக்கத் தெரியாது போல. கண்டக்டரப் பிடிச்சு, இதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருக்கு. அந்த மடப்பய அப்படியே வாசிச்சுட்டான். கொஞ்சம் யோசிக்க வேணாமாண்ணே ஒரு மனுசன்?

நேரா பெரியாஸ்பத்திரி பொணக்கெடங்குக்குப் போயிருச்சு. அங்க காவலுக்கு இருக்குறவரு நம்ம கஸ்டமரு, அவரு சொன்னாரு. எம்புள்ளையக் குடுங்கன்னு வாசல்ல விழுந்திருக்கு. அப்படி யாரும் வரலம்மான்னா நம்ப மாட்டேங்குது. 'அச்சடிச்சு ஒட்டியிருக்காகளே சாமி, சாவுல யாராச்சும் பொய் சொல்லுவாகளா'ன்னு கேட்டிருக்கு. இவரு பாவம் பாத்து உள்ள விட்டுட்டாரு. ஒவ்வொரு துணியா வெலக்கிப் பாத்துச்சாம். லாரியில அடிபட்ட பய ஒருத்தன், இவன் வயசு, மூஞ்சியே இல்ல. அவன் கையத்தேன் எடுத்து வெரலு வெரலாத் தடவிப் பாத்து, எம்புள்ள இல்லன்னு சொல்லுச்சாம். சொல்லிட்டு அவனுக்கும் சேத்து மாரடிச்சு அழுதுச்சாம். பொம்பளைகளுக்கு எல்லாத்துக்கும் ஒரு அழுக.

அப்பறம் ஹாஸ்டலுக்குப் போயிருக்கு. பய அங்க காச்சல்ல ஒளறிக்கிட்டுக் கெடந்திருக்கான். உசுரோட. சந்தோசப்பட வேண்டியதுதான? இல்ல. நேரா எங்கடைக்கு வந்துச்சு.

சரிண்ணே, ஒங்ககிட்ட என்ன மறைக்கிறது. பத்துப் பேரெல்லாம் இல்ல. அந்தப் பொம்பள ஒண்ணுதேன். இத்துனூண்டு இருக்கும், ஊதுனா பறந்துரும். கையில ஒரு கூடை. 'இத அடிச்சது யாருப்பா'ன்னு போஸ்டரக் காட்டி மெதுவாக் கேக்குது. நான் ஏதோ துக்க வீட்டு ஆர்டருன்னு நெனச்சு, 'நாந்தேம்மா, டிசைனும் நாந்தேன், படம் நல்லா வந்திருக்கா?'ன்னு கேட்டுட்டேன். கூடைக்குள்ள காப்பிச் செடிக்குக் கெள கழிக்கிற கவாத்துக் கத்தி இருந்திருக்கு. மொத வெட்டு மேசையில நான் கை ஊண்டியிருந்த எடத்துல விழுந்துச்சு. ரெண்டாவது முழங்கைக்கு மேல. எலும்புல கத்தி மாட்டிக்கிச்சு, அத ஆட்டி ஆட்டி எடுத்துச்சுண்ணே. என்னையப் பாத்துக்கிட்டே எடுத்துச்சு. நான் கீழ ரத்தத்துல வழுக்கி வழுக்கி விழுறேன், அது நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, மிச்சம் கெடந்த போஸ்டர ஒண்ணொண்ணா எடுத்துக் கிழிக்குது. மகன் மொகம் இருக்குற எடத்த மட்டும் கிழிக்காமச் சுத்திக் கிழிச்சு மடியில வச்சுக்கிச்சு. ஒரு வசவு வையல. வஞ்சிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும் எனக்கு.

அந்தம்மா அன்னைக்கே மகன ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டுப் போயிருச்சாம். போலீஸ்ல கேஸ் குடுக்கல. என்னன்னு குடுக்குறது? ஒரு பொம்பள வெட்டுச்சுன்னா? பஞ்சுட்டயே பத்துப் பேருன்னுதேன் சொல்லியிருக்கேன். ஒரு வெளையாட்டுப் போஸ்டருக்கு இந்தப் பாடாண்ணே? நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் ஓவராத் தெரியல ஒங்களுக்கு?

ஆனா நான் மனசுல வச்சுக்கிறல. மூணாவது மேட்ச்சு ஜெயிச்சுட்டோம்ணே, அதேன்! ரெண்டுக்கு ஒண்ணு. கோலுல நிக்கிறது ஒரு நோஞ்சான், பந்து வந்தா கண்ண மூடிக்கிறான், அப்படியும் ஜெயிச்சுட்டோம். இப்ப பாயிண்டுப் பட்டியல்ல ரெண்டாவது எடம். இந்த ஞாயித்துக்கெழம ஜெயிச்சா மொத எடம். கப்பு நமக்குத்தேன், எழுதி வச்சுக்கங்க. பாக்கியநாதன் மட்டும் வந்து நின்னுட்டா இந்தியாவுலயே எங்கள அடிக்க ஆளில்ல. பய வெலைக்குப் போனதக் கூட மன்னிச்சுட்டோம்னு எங்க மன்றத்துல தீர்மானமே போட்டாச்சு. நீதான போஸ்டர் அடிச்ச, நீயே போயிக் கூட்டிட்டு வாடான்னு என்னைய அனுப்பிட்டாய்ங்க.

சும்மா போகல. இந்தா பாருங்க, புது ஃப்ளெக்ஸ். அந்த முனையக் கொஞ்சம் பிடிங்கண்ணே, எனக்கு ஒத்தக் கை. விரிச்சுப் பிடிங்க. 'மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த எங்கள் சிங்கமே!' எப்படி? அவங்களும் வேதக்காரங்கதேன், நானும் வேதக்காரன். அந்தம்மா பாத்தா மனசு எளகிரும்ல? சிங்கத்தத் திரும்ப வச்சுட்டேன்.

என்னண்ணே பிடிய விட்டுட்டீங்க. கீழ அழுக்கு.

என்ன சொல்றீங்க? நீங்க அவனுக்குப் பக்கத்து வீடா? அப்ப மொதல்லயே தெரியும்னு சொல்லியிருக்கலாம்ல.

மதுர ஆஸ்பத்திரியிலயா? எத்தன நாளா மதுரையில இருக்கான்? சீழு மேல ஏறிருச்சா. காச்சலு மூளைக்குப் போகப் பாத்துச்சா. சரி. சரி, இப்ப உசுருக்கு ஒண்ணுமில்லைல?

என்னது?

எடுத்துட்டாங்களா? எத்தன வெரலு?

இல்லண்ணே, ரெண்டு வெரல்னா எப்படி, மருந்துல சரியாகாதா? கட்டுப் போட்டு, ஊசி போட்டு... அதெல்லாம் இப்பப் பெரிய பெரிய டாக்டருங்க இருக்காய்ங்களே. எடுத்தா எடுத்ததுதேனா? சீட்டு? காலேஜ்ல சீட்டயும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? அவங்கம்மாவா? அய்யோ. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. எனக்கு அவன் மேல எம்புட்டு ஆச தெரியுமா? எம்புள்ளைக்கு நான் ஒருநா சோறு ஊட்டுனதில்ல. அவனுக்கு ஊட்டுனேன். கர்த்தரே, ரெண்டு வெரலு.

எந்தக் கைண்ணே?

எடதுதான?

அப்ப வலது கை நல்லாத்தான இருக்கு. முழுசா இருக்குல்ல? வெரலு பூராம் இருக்குல்ல? இல்ல, எதுக்குக் கேக்குறேன்னா, ஞாயித்துக்கெழமைக்கு வேணாம், அடுத்த ஞாயிறுக்குள்ள புண்ணு ஆறிரும்ல. இன்னும் ஏழு மேட்ச்சு இருக்கு. நான் க்ளவுஸ்ல துணிய வச்சு அடைச்சுத் தச்சுக் குடுத்துருவேன், வெளிய தெரியாது.

என்னண்ணே எந்திரிக்கிறீங்க? ஊரு இன்னும் வரலையே. வளைவுல நிக்காதீங்க, விழுந்துருவீங்க. எடந்தேன் இருக்குல்ல, உக்காருங்க. அண்ணே, எங்க போறீங்க? ஒத்தக் கையால தடுக்குறவய்ங்க இருக்காய்ங்கண்ணே. நான் பாத்திருக்கேன்.